அத்தியாயம் 6: படம் ஓடுகிறது, எடிட்டிங்கில் ஏறவில்லை

ஒரு பைல் வி.எல்.சி.யில் தடங்கலில்லாமல் ஓடும். அதையே பிரீமியருக்குள் இழுத்துப் போட்டால் சத்தம் வரும், திரை கறுப்பாக இருக்கும். பிரீமியரில் சரியாக இருந்த வேலை டாவின்சி ரிசால்வுக்குப் போனதும் ‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவப்பாக நிற்கும். பண்டாரவளையிலும் பதுளையிலும் ஹப்புத்தளையிலும் கலியாணம், சடங்கு, திருவிழா என்று படம் பிடிக்கிற பிள்ளைகள் அதிக நேரத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். கணினி பழசு, ரேம் போதாது என்று முடிவு கட்டிக் கடனுக்குப் புதிய இயந்திரம் வாங்கியவர்களும் உண்டு. பெரும்பாலான நேரங்களில் பழுது கணினியில் இருப்பதில்லை. பைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே வேலையைத் தொடங்கிவிடுவதுதான் காரணம்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மாசி மாதம். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காமன் கூத்து. மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, பௌர்ணமியில் தகனம் வரை நடப்பதைப் பதிவு செய்ய ஒரு குழு வருகிறது. கூத்துக் களத்தின் முன்னால் ஒரு கெனன் கெமரா. பக்கவாட்டில் பழைய சோனி ஹேண்டிகேம். கூட்டத்துக்குள் ஒரு ஐபோன், ஒரு ஆண்ட்ராய்ட் போன். தப்புக்காரர்களுக்குப் பக்கத்தில் தனியாக ஓர் ஒலிப்பதிவுக் கருவி. வெட்டுவது பண்டாரவளையில், எடியஸ் மென்பொருளில். நிறம் சரிசெய்வது வேறொருவருடைய ரிசால்வில். கடைசித் தொகுப்பு கொழும்பில் இருக்கும் உறவுக்காரப் பையனின் பிரீமியரில். மலையகத்தில் ஒரு படம் உண்மையிலேயே இப்படித்தான் உருவாகிறது. வருகிற சிக்கல்களில் பாதிக்குக் காரணமும் இந்தக் கைமாற்றம்தான்.

முதலில் பைலைப் படியுங்கள்

எம்.பி.4, எம்.ஓ.வி, ஏ.வி.ஐ, எம்.டி.எஸ் என்று பெயரின் கடைசியில் வருவதெல்லாம் பெட்டியின் பெயர். தரம் எழுதாத தேயிலைப் பெட்டியை வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது பி.ஓ.பி.யா டஸ்ட்டா என்று தெரியாது. அதைப் போலத்தான் இதுவும். உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறைக்குப் பெயர்தான் கோடெக். ஒரே எம்.பி.4 பெட்டிக்குள் 2003இல் வந்த எச்.264 இருக்கலாம், 2013இல் வந்த எச்.இ.வி.சி இருக்கலாம், 2018இல் வந்த ஏ.வி.1 கூட இருக்கலாம். எடிட்டிங் மென்பொருள் பெட்டியைத் திறந்துவிட்டு, உள்ளே இருப்பதைப் படிக்கத் தெரியாமல் நிற்கும்போதுதான் கறுப்புத் திரை வருகிறது.

வி.எல்.சி ஏறக்குறைய எல்லாக் கோடெக்குகளையும் பிரிக்கும் வசதியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பிரீமியரும் ரிசால்வும் எடியஸும் அப்படியல்ல. சிலவற்றைத் தாங்களே படிக்கும், சிலவற்றுக்கு விண்டோஸையோ கிராபிக்ஸ் கார்டையோ நம்பியிருக்கும். அதனால் ‘வி.எல்.சி.யில் ஓடுகிறதே’ என்பது பைல் உடையவில்லை என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இன்றைக்கே நிறுவிக்கொள்ளுங்கள். அதில் ஒரு பைலைத் திறந்தால் பட்டியல் நீளமாக வரும். அத்தனையும் வேண்டாம். படத்தின் கோடெக் எது, பிரேம் வேகம் எவ்வளவு, அந்த வேகம் நிலையானதா மாறுவதா, பிட் ஆழம் 8ஆ 10ஆ, நிற அடர்த்தி 4:2:0வா 4:2:2வா, படம் முழுப் பிரேமாக இருக்கிறதா இரண்டு பீல்ட்களாகப் பிரிந்திருக்கிறதா, ஒலியின் கோடெக் எது. இவ்வளவையும் ஒரு தாளில் கெமரா வாரியாக எழுதுங்கள். காமன் கூத்து உதாரணத்தில் நான்கு கெமராவுக்கும் நான்கு வரி. அந்தத் தாள் ஹார்ட் டிஸ்க்கோடு சேர்ந்தே கொழும்பு வரை போக வேண்டும். யாராவது ‘ஓடவில்லை’ என்று போன் பண்ணினால் அந்தத் தாளைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம்.

கறுப்புத் திரையும் ஊமைப் படமும்

சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் முதல் சந்தேகம் எச்.இ.வி.சி மேல்தான். 2017இல் ஐ.ஓ.எஸ் 11 வந்ததிலிருந்து புதிய ஐபோன்கள் இந்தக் கோடெக்கில்தான் பதிவு செய்கின்றன. விண்டோஸில் அதைப் படிக்க மைக்ரோசொஃப்ட் ஸ்டோரிலிருந்து தனி நீட்சி ஒன்று தேவைப்படலாம். படம் பிடிப்பதற்கு முன்பே இதைத் தவிர்க்கவும் வழி இருக்கிறது. ஐபோன் அமைப்புகளில் கெமரா, அதற்குள் ஃபோர்மட்ஸ் என்ற இடத்துக்குப் போய் ‘மோஸ்ட் கம்பெட்டிபிள்’ என்பதைத் தெரிவு செய்தால் எச்.264இல் பதிவாகும். இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் பெரும்பாலான கணினிகளில் ஏறும்.

அதே கெமரா அமைப்புகளில் வீடியோப் பதிவு என்ற இடத்துக்குப் போய் எச்.டி.ஆர் வீடியோ பொத்தானையும் அணைத்துவிடுங்கள். 2020இல் வந்த ஐபோன் 12 தொடங்கி இந்தப் போன்கள் 10 பிட் எச்.டி.ஆர் படம் எடுக்கக்கூடியவை. சாதாரண டைம்லைனில் அதைப் போட்டால் வெள்ளை வேட்டியும் திருநீறு பூசிய நெற்றியும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப் போகும். இதைக் கெமரா பழுது என்று நினைத்து நிறத்தை இழுத்து இழுத்துப் படத்தைக் கெடுத்துவிடுகிறார்கள்.

புதிய கெமராக்களின் 10 பிட், 4:2:2 பைல்கள் வேறு ரகம். எச்.264, எச்.இ.வி.சி இரண்டிலும் இவை வரும். பல கிராபிக்ஸ் கார்டுகள் இவற்றைப் பிரிப்பதற்கு உதவுவதில்லை. படம் ஏறும், ஆனால் நகராது. ரிசால்வின் இலவசப் பதிப்பை லினக்ஸில் போட்டிருப்பவர்களுக்கு எச்.264 பைலே படம் காட்டாது. அது பழுதல்ல, அந்தப் பதிப்பின் வரம்பு. எத்தனை தடவை மீண்டும் நிறுவினாலும் மாறாது.

படம் இருக்கிறது, ஒலி இல்லை என்றால் ஒலிக் கோடெக்கைப் பாருங்கள். லினக்ஸ் ரிசால்வில் ஏ.ஏ.சி ஒலி பல பதிப்புகளில் வராது. பழைய போன்களின் 3ஜிபி (.3gp) பைல்களில் ஏ.எம்.ஆர் ஒலி இருக்கும், அதையும் பல எடிட்டர்கள் எடுப்பதில்லை. ஒலியை மட்டும் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் பைலாகப் பிரித்தெடுத்துப் படத்தின் கீழே வைத்தால் போதும். படத்தைத் தொடவே வேண்டாம்.

தப்பு அடி விலகும்போது

மலையகத்தில் எடிட்டிங் செய்பவர்களை அதிகம் வதைப்பது படமும் ஒலியும் விலகிப் போவதுதான் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கெனன் கெமராவை 25 பிரேமில் வைத்தால் விநாடிக்குச் சரியாக 25 படம் எடுக்கும். போன் அப்படியல்ல. 30 என்று காட்டினாலும் இருட்டு கூடினால் வேகத்தைக் குறைக்கும், சூடேறினாலும் குறைக்கும். தீப்பந்தமும் டியூப்லைட்டும் மாறி மாறி வருகிற கூத்துக் களத்தில் அந்த வேகம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். எடிட்டிங் மென்பொருள் இதைச் சீரான 30 என்று எடுத்துக்கொண்டால் படம் ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமும் போகும். ஒரு சதவீத வித்தியாசம் வந்தாலே பத்து நிமிடத்தில் ஆறு விநாடி. ரதியும் மன்மதனும் ஆடி முடித்த பிறகு தப்பு ஒலிக்கும்.

சோதிப்பது சுலபம். தப்பில் குச்சி விழுகிற இடம் ஒலி அலையில் ஊசிபோல் நிற்கும். பைலின் தொடக்கத்தில் ஓர் அடி, நடுவில் ஓர் அடி, கடைசியில் ஓர் அடி பாருங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக ஒழுங்கில்லாமல் விலகினால் மாறும் பிரேம் வேகம். மிகச் சிறிதளவு, ஒரே சீராக விலகினால் அது தனி ஒலிப்பதிவுக் கருவியின் கடிகாரத்துக்கும் கெமராவின் கடிகாரத்துக்கும் உள்ள வேறுபாடு. அதை ஒலியைச் சற்று இழுத்தே சரிசெய்யலாம். தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு தள்ளி நின்றால் பொருத்தும்போது நடந்த பிழை மட்டுமே. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டு போட்டு ஒலியை நகர்த்துபவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அத்தனையும் தேவையற்ற உழைப்பு.

மாறும் வேகத்துக்கு மருந்து, எடிட்டிங்குக்கு முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றுவது. ஷட்டர் என்கோடர், ஹேண்ட்பிரேக் இரண்டும் இலவசம். ஹேண்ட்பிரேக்கில் வீடியோ பக்கத்தில் ‘கொன்ஸ்டன்ட் பிரேம்ரேட்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஆனால் அது மீண்டும் சுருக்கிய பைலையே தரும். இன்னொரு கைக்குப் போகிற வேலைக்கு நான் ஷட்டர் என்கோடரையே சொல்வேன், அது ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் இரண்டையும் தருகிறது. பிரீமியரின் 2018க்குப் பிந்திய பதிப்புகள் மாறும் வேகத்தை ஓரளவு சமாளிக்கும். அதை நம்பி எடியஸுக்கோ ரிசால்வுக்கோ அதே பைலை அனுப்பாதீர்கள்.

30ஐ 25 ஆக்கினால் நடுநடுவே பிரேம்கள் விழும், ஆட்டத்தில் சிறு துள்ளல் தெரியும். அதைத் தவிர்க்க ஒரே வழி, படம் பிடிக்கும்போதே எல்லாக் கருவிகளையும் 25இல் வைப்பது. ஐபோனில் வீடியோப் பதிவு அமைப்பில் ‘ஷோ பால் ஃபோர்மட்ஸ்’ என்பதைத் திறந்தால் 25 வரும். இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. இங்கே டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை துடிக்கிறது. ஷட்டர் 1/50 அல்லது 1/100இல் இருந்தால் படம் அமைதியாக இருக்கும், 1/60இல் இருந்தால் பட்டை பட்டையாக ஓடும். அந்தப் பட்டையைக் கோடெக் கோளாறு என்று கொண்டுவருகிறார்கள். எந்தக் கோடெக்குக்கு மாற்றினாலும் அது போகாது.

ஹேண்டிகேமைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைப் போன்ற ஏ.வி.சி.எச்.டி கெமராக்கள் நீண்ட பதிவைத் துண்டு துண்டான எம்.டி.எஸ் பைல்களாக உடைத்து வைக்கும். அந்தத் துண்டுகளை மட்டும் கொப்பி பண்ணினால் ஒட்டுகிற இடத்தில் ஒலி ஒரு நொடி விக்கும், ஓர் அடி காணாமல் போகும். கார்ட்டில் உள்ள போல்டர் முழுவதையும், ‘பிரைவட்’ என்ற பெயரோடு, அப்படியே கொப்பி பண்ணுங்கள். அப்போதுதான் மென்பொருள் துண்டுகளை ஒரே ஷொட்டாக இணைத்துக் காட்டும்.

கை மாறும்போது

எடிட் செய்த புரொஜெக்ட் பைலுக்குள் படம் கிடையாது. எந்தப் படம் எங்கே இருக்கிறது, எங்கிருந்து எதுவரை வெட்டியது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். பண்டாரவளையில் ‘ஈ’ டிரைவாக இருந்த ஹார்ட் டிஸ்க் கொழும்பில் ‘எஃப்’ ஆனால் அத்தனையும் ஆஃப்லைன். பதறாமல் ‘ரீலிங்க்’ கொடுத்து போல்டரைக் காட்டினால் வந்துவிடும், பைல் பெயர்களை இடையில் யாரும் மாற்றாதிருந்தால். வெட்டத் தொடங்கிய பிறகு பெயர் மாற்றுவதை அறவே விடுங்கள்.

பிரீமியரிலிருந்து ரிசால்வுக்கு எக்ஸ்.எம்.எல் வழியாகவும், எடியஸிலிருந்து ஏ.ஏ.எஃப் அல்லது ஈ.டி.எல் வழியாகவும் வெட்டுப் பட்டியலை அனுப்பலாம். வெட்டுகள் போகும். எழுத்துகளும், கலியாண வீடியோவில் எல்லோரும் விரும்புகிற பறக்கும் டிரான்சிஷன்களும், வெளியில் வாங்கிய பிளக்இன்களும் போகாது. அதனால் பட்டியலோடு சேர்த்து, முழுத் தொகுப்பையும் ஒரு சிறிய எம்.பி.4 ஆக்கி அனுப்புங்கள். மறுமுனையில் இருப்பவர் அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்வார். எடியஸ் தன் சொந்த எச்.கியூ.எக்ஸ் கோடெக்கில் எழுதிய ஏ.வி.ஐ பைலை அனுப்பினால், அந்தக் கோடெக் நிறுவாத கணினியில் அது திறக்காது.

பொதுவான நடுமொழி ஒன்று வேண்டும். எச்.264 முழுப் படத்தை இடைக்கிடையே மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் முந்திய பிரேமுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதுகிறது. பார்ப்பதற்கு நல்லது, வெட்டுவதற்குச் சுமை. ஒவ்வொரு பிரேமையும் முழுதாக வைக்கிற ப்ரோரெஸும் டிஎன்எக்ஸ்எச்ஆரும் வெட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. ப்ரோரெஸ் 2007இல் ஆப்பிள் கொண்டுவந்தது, மற்றது அவிட் நிறுவனத்தினுடையது. எல்லாம் விண்டோஸ் கணினிகள் என்றால் டிஎன்எக்ஸ்எச்ஆர் எடுங்கள், நடுவில் ஒரு மேக் வந்தால் ப்ரோரெஸ். இதற்கு விலை இடம்தான். முழு எச்.டி, 25 பிரேம் என்றால் ப்ரோரெஸ் 422 ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 55 ஜி.பி. பிடிக்கும். ஏ.வி.சி.எச்.டி.யில் அது 11 ஜி.பி.க்குள் இருந்திருக்கும். விடிய விடிய நடக்கிற கூத்தை நான்கு கெமராவிலும் அப்படி மாற்ற யாரிடமும் டிஸ்க் இருக்காது. முதலில் பார்த்து, பயன்படப்போகிற பகுதிகளை மட்டும் மாற்றுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபோர்மட் செய்யுங்கள். ஃபேட்32இல் 4 ஜி.பி.க்கு மேல் ஒரு பைல் ஏறாது, என்.டி.எஃப்.எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் எழுதாது.

மூடுபனியில் தெரியும் சதுரங்கள்

பெரகலையில் நின்று கீழே பார்த்தால் பின்னேரத்தில் மூடுபனி ஏறிவரும். கண்ணுக்கு அழகான அந்தக் காட்சிதான் கோடெக்குக்குப் பெரிய சோதனை. 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். பனியில் வெளிச்சம் மிக மெதுவாக மாறுவதால் அதில் சில படிகளே பயன்படும். சுருக்கும்போது அவையும் ஒன்றாகி, வானத்தில் வளையங்களும் சதுரங்களும் தெரியும். தேயிலைச் சரிவு இதற்கு நேர்மாறு. ஆயிரக்கணக்கான இலைகள், எல்லாம் காற்றில் அசைகின்றன. கெமராவை மெல்லத் திருப்பினால் பிட்வேகம் போதாமல் மலை முழுதும் பச்சைக் குழம்பாகும்.

எடுத்த பைலில் இருப்பதை இனிமேல் கூட்ட முடியாது, கெடாமல் காக்கலாம். பண்டாரவளையிலிருந்து ரிசால்வுக்கு எச்.264இல் ஏற்றுமதி செய்து, அங்கிருந்து மறுபடி எச்.264இல் கொழும்புக்கு அனுப்பினால் ஒவ்வொரு கையிலும் பனி இன்னும் உடையும். இடையில் எங்கும் சுருக்காதீர்கள். நிறம் திருத்தப் போகும் காட்சிகளுக்கு டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்.கியூ.எக்ஸ் போன்ற 10 பிட் வடிவம் நல்லது. 8 பிட்டில் எடுத்ததை அது 10 பிட் ஆக்கிவிடாது, ஆனால் திருத்தத்தின்போது புதிய வளையங்கள் வராமல் இடம் கொடுக்கும். எச்.264 ஒரே தடவை, கடைசியில், யூடியூபுக்கும் டீ.வி.யில் செருகும் பென் டிரைவுக்கும் மட்டும்.

பழைய தட்டுகள்

தோட்டத்து வீடுகளில் இன்னும் வி.சி.டி தட்டுகள் இருக்கின்றன. அதில் உள்ள ‘டாட்’ பைல் 352க்கு 288 அளவுள்ள எம்பெக்-1 படம். எடிட்டர் எடுக்காது, வி.எல்.சி.யும் ஷட்டர் என்கோடரும் எடுக்கும். மினி டி.வி டேப் என்றால் 720க்கு 576, விநாடிக்கு 50 பீல்ட். மினி டி.வி.யில் கீழ் பீல்ட் முதலில், எச்.டி.யில் மேல் பீல்ட் முதலில். இரண்டையும் ஒரே டைம்லைனில் கவனிக்காமல் கலந்தால் ஆடுகிறவர்களின் கைகள் சீப்புப் பல்லாகக் கிழிந்து நடுங்கும். கிளிப்பின் அமைப்பில் பீல்ட் வரிசையைச் சரியாகக் குறித்தால் தீரும். பழைய எம்.ஓ.வி பைல்கள் சில புதிய பிரீமியரில் திறக்காததற்கும் காரணம் உண்டு: விண்டோஸுக்கான குவிக்டைமை ஆப்பிள் 2016இல் கைவிட்டது, அடோபி 2018இல் அந்தப் பழைய கோடெக்குகளை நீக்கியது. இணையத்தில் கிடைக்கிற ‘கோடெக் பெக்’களை அவற்றுக்காக நிறுவாதீர்கள். ஒன்றைச் சரிசெய்து மூன்றைக் கெடுக்கும்.

மூலப் பைல்

மாற்றிய பைல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கெமராவிலிருந்து வந்ததை அழிக்கக்கூடாது. ‘மூலம்’ என்று ஒரு போல்டர், அதற்குள் திகதி, தோட்டத்தின் பெயர், எந்தக் கெமரா. அது இரண்டு டிஸ்க்குகளில், இரண்டு வீடுகளில். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் மற்ற விபரங்களும் போய்விடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ‘டொக்யுமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் கூத்து மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனது இதே ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில்தான். அந்த நாட்களில் மக்கள் கையிலிருந்த போன்களில் எடுத்த படங்கள், மண்சரிவுக்கு முன்பு அந்த லயன்களில் நடந்த பிறந்தநாளும் பொங்கலும் பதிவான சிறு வீடியோக்கள், இவற்றின் மூலப் பைல்கள் எங்கேயாவது ஒரு பழைய மெமரி கார்ட்டில் இருக்கலாம். 3ஜிபி வடிவம் என்பதால் புதிய போனில் ஓடவில்லை, சத்தம் வரவில்லை என்று யாரும் அவற்றைத் தூக்கிப் போட்டுவிடக்கூடாது. இந்த அத்தியாயத்தில் சொன்ன இலவச மென்பொருள்களே அவற்றைத் திறக்கப் போதும்.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ அப்படி ஒரு போன் கிடந்தால், கார்ட்டை ஃபோர்மட் செய்யச் சொல்லி வருகிற எந்தக் கேள்விக்கும் ‘ஆம்’ கொடுக்காமல், இந்த வாரமே முழுவதையும் கொப்பி எடுங்கள். மின்சாரம் படாமல் வருடக்கணக்கில் கிடக்கிற மெமரி கார்ட்டில் பதிவானவை தாமாகவே அழிந்துபோகக்கூடும்.